காரின் முன் தொங்கல் தொகுதி: பழுதறிதலும் பாகம் மாற்றலும்

வடிவமைப்பும் பொறிமுறைத் தொழினுட்பவியலும் – மோட்டார் வாகனப் பகுதி

தொங்கல் தொகுதி பற்றிய வினாவில் மாணவர் பலர் புள்ளி இழப்பது ஒரே இடத்தில்தான். வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது எது என்று கேட்டால் "அதிர்ச்சி உறிஞ்சி" என எழுதிவிடுகின்றனர். பாரத்தைத் தாங்குவது வில். அந்த வில்லின் ஆட்டத்தை அடக்குவதே அதிர்ச்சி உறிஞ்சியின் தொழில். விடைத்தாளில் இப்பிழை ஒரு புள்ளியோடு போய்விடும். வீட்டு முற்றத்தில் ஸ்பனரோடு காரின் அருகில் இருப்பவருக்கோ இதே பிழை கையையும் முகத்தையும் பறித்துவிடக் கூடும். ஏனெனில் பாரத்தைத் தாங்கும் வில் எப்போதும் நெருக்கப்பட்ட நிலையிலேயே இருக்கின்றது. காரை உயர்த்திச் சில்லைக் கழற்றிய பின்னரும் அது தன் இயல்பான நீளத்துக்கு வந்துவிடுவதில்லை.

எனவே முன் தொங்கல் தொகுதியின் பாகங்களை மாற்றும் முறையை, ஒவ்வொரு படியிலும் காரணம் கேட்டுக் கேட்டுப் படிப்போம். உதாரணமாக எடுத்துக்கொள்வது நமது வீதிகளில் அதிகம் காணப்படும் சிறிய கார்களின் அமைப்பாகும். சுசுக்கி அல்ற்றோ, வகன் ஆர், ரொயோற்றா விற்ஸ் ஆகியவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மக்பர்சன் வகைத் தொங்கல் அமைப்பு.

அமைப்பை அறிந்துகொள்வோம்

ஏர்ல் மக்பர்சன் என்பவர் அமெரிக்கப் பொறியியலாளர். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்திற் பணியாற்றியபோது இவ்வமைப்பை உருவாக்கினார். பின்னர் போர்ட் நிறுவனத்துக்கு மாறினார். 1950 இல் இங்கிலாந்தில் அறிமுகமான போர்ட் கொன்சல் காரில் இவ்வமைப்பு இடம்பெற்றது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு புயங்களைக் கொண்ட பழைய அமைப்போடு ஒப்பிட்டால் இதில் பாகங்கள் குறைவு. இடமும் குறைவாகவே போதும். முற்சில்லுகளால் இயங்கும் சிறிய கார்களில், எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் குறுக்காக வைப்பதற்கு இந்த இடமிச்சம் பெரிதும் உதவியது.

எல்லாக் கார்களும் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் ஊரில் ஒரு மொறிஸ் மைனர் ஓடினால் அதன் முன்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே சுருளி வில்லைக் காணமாட்டீர்கள். 1948 இல் வெளிவந்த அக்காரின் முற்சில்லுகளைத் தாங்குவது நீளவாக்கிற் கிடக்கும் முறுக்குத் தண்டாகும். தண்டு முறுகுவதால் வில்லின் வேலை நடைபெறுகின்றது. பஸ், லொறி போன்ற பார வாகனங்களில் இலை வில்லைக் காணலாம்.

மக்பர்சன் அமைப்பின் நடுநாயகம் "ஸ்ரட்" எனப்படும் நீண்ட குழாய். அதனுள் எண்ணெயும் முசலமும் உள்ளன. அதாவது அதிர்ச்சி உறிஞ்சி இக்குழாயின் உள்ளேயே அமைந்துள்ளது. குழாயின் வெளிப்புறத்தில் ஒரு தட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். சுருளி வில்லின் கீழ்முனை அதன்மீது அமர்கின்றது. மேல்முனை, இறப்பரும் பெயாரிங்கும் கொண்ட மேல்தாங்கியில் முட்டுகின்றது. முசலத்தின் தண்டு மேல்தாங்கியின் மையத்தினூடாக மேலே வந்து ஒரு நட்டினால் இறுக்கப்பட்டுள்ளது. இதனை இப்பாடத்தில் நடு நட்டு என்போம்.

பொனற்றைத் திறந்து இரு ஓரங்களையும் பாருங்கள். மேல்தாங்கியைக் காரின் உடலுடன் பிணைக்கும் இரண்டு அல்லது மூன்று சிறிய நட்டுகள் வட்டமாக அமைந்திருக்கும். அவற்றின் மத்தியில் பெரிதாக ஒரு நட்டு. ஓரத்து நட்டுகள் ஸ்ரட்டைக் காருடன் இணைக்கின்றன. நடு நட்டு வில்லைச் சிறைப்படுத்தி வைத்திருக்கின்றது. ஒன்றுக்கொன்று சில சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும் இவ்விரு வகை நட்டுகளின் தொழில் வேறுபாட்டை விளங்கிக்கொண்டவருக்குப் பாடத்தின் பாதி முடிந்தது.

ஸ்ரட்டின் அடிப்பகுதி, சில்லைத் தாங்கும் வார்ப்பு இரும்புப் பாகத்துடன் இரண்டு பெரிய போல்ட்டுகளால் இணைக்கப்பட்டுள்ளது. கராஜ்களில் இப்பாகத்தை "நக்கிள்" என்பர். நக்கிளின் கீழ்ப்பகுதி ஒரு பந்து மூட்டு மூலம் கீழ்ப்புயத்துடன் சேர்கின்றது. கீழ்ப்புயத்தின் மறுமுனை இறப்பர் புஷ்கள் மூலம் காரின் சட்டத்துடன் பொருந்துகின்றது. இடது, வலது சில்லுகளின் தொங்கல் பாகங்களை இணைத்துக் கிடக்கும் வளைந்த உருக்குத் தண்டு, திருப்பங்களிற் கார் ஒரு பக்கம் சாய்வதைக் குறைக்கின்றது. எல்லா மாதிரிகளிலும் இத்தண்டு இருப்பதில்லை.

வில் சேமிக்கின்றது, உறிஞ்சி செலவழிக்கின்றது

சில்லு ஒரு மேட்டில் ஏறும்போது வில் மேலும் நெருங்கி, மீள்தன்மை அழுத்த சக்தியைச் சேமிக்கின்றது. மேட்டைக் கடந்ததும் அச்சக்தியைத் திருப்பித் தருகின்றது. உறிஞ்சி இல்லாவிடின் காரின் உடல் மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருக்கும். சாதாரணக் காரில் இவ்வலைவு செக்கனுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 தடவை நிகழக்கூடியது. அதிர்ச்சி உறிஞ்சியினுள் முசலம் அசையும்போது எண்ணெய் சிறிய துளைகளினதும் வால்வுகளினதும் ஊடாக நெருக்கிச் செல்கின்றது. அப்போது இயக்க சக்தி வெப்ப சக்தியாக மாறுகின்றது. கரடுமுரடான வீதியில் நெடுந்தூரம் ஓடிய காரின் உறிஞ்சி சூடாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

உறிஞ்சி பழுதடைந்தால் பயணம் சொகுசாக இராது என்று மட்டும் எழுதுவது போதிய விடையன்று. விஞ்ஞான பாடத்தில் எல்லை உராய்வு விசை செவ்வன் மறுதாக்கத்தில் தங்கியுள்ளது எனப் படித்திருப்பீர்கள். சில்லு துள்ளும்போது ரயருக்கும் வீதிக்கும் இடையிலான செவ்வன் மறுதாக்கம் குறைகின்றது. சில கணங்களில் பூச்சியமாகவும் ஆகலாம். அக்கணத்தில் பிறேக்கை எவ்வளவு பலமாக மிதித்தாலும் அச்சில்லில் உராய்வு கிடையாது. கார் நிற்பதற்கு வேண்டிய தூரம் கூடுகின்றது. இக்காரணத்தை எழுதுபவருக்கே முழுப்புள்ளி.

பழுதை அறிதல்

காரின் முன் மூலையைக் கைகளால் பலமாக அமுக்கிவிட்டுக் கையை எடுக்கவும். ஒருமுறை மேலெழுந்து தன் நிலைக்குத் திரும்பி நின்றால் உறிஞ்சி வேலை செய்கின்றது. இரண்டு மூன்று முறை ஆடினால் தேய்ந்துவிட்டது. இது முதற் சோதனை மாத்திரமே. இதில் தப்பிய உறிஞ்சியும் வேகத்தில் தோற்கலாம். அடுத்ததாக ஸ்ரட்டின் குழாயைப் பார்க்கவும். எண்ணெய் வழிந்து அதன்மீது புழுதி படிந்து கறுத்திருப்பின் உள்ளே அடைப்பு இறப்பர் கிழிந்துள்ளது. ரயரின் மேற்பரப்பில் இடைவெளி விட்டுவிட்டுக் குழிபோலத் தேய்வு இருப்பதும் சில்லு துள்ளியதற்கு ஓர் அடையாளமாகும்.

சிறு குழியில் இறங்கும்போது "டொக்" என ஒலித்தால் பந்து மூட்டு, புஷ், மேல்தாங்கி ஆகிய மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கலாம். சுக்கானைத் திருப்பும்போது வில் முறுகி விடுபடுவது போன்ற ஒலி கேட்டால் மேல்தாங்கியின் பெயாரிங்கைச் சந்தேகிக்கவும். பந்து மூட்டின் தளர்வை அலட்சியம் செய்யக்கூடாது. மூட்டு முற்றாகக் கழன்றால் சில்லு வெளிப்புறமாகச் சரிந்து, சுக்கான் பயனற்றுப்போகும்.

காரை உயர்த்தல்

இது தனியாகச் செய்யும் வேலையன்று. வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் செய்ய, நீங்கள் துணைநிற்க வேண்டும். தரை மட்டமாகவும் உறுதியாகவும் இருத்தல் அவசியம். ஹான்ட் பிறேக்கை இழுத்து, பிற்சில்லுகளின் முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். சில்லு நட்டுகளை, சில்லு தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்தவும். உயர்த்திய பின் தளர்த்த முயன்றால் சில்லும் சேர்ந்து சுழலும். அல்லது நாம் கொடுக்கும் விசை காரை ஜக்கிலிருந்து தள்ளிவிடும்.

நமது வளவுகள் பெரும்பாலும் மண் தரையாகும். ஜக்கின் அடித்தட்டு 100 சதுர சென்ரிமீற்றர் எனவும் அது தாங்கும் பாரம் 3600 நியூற்றன் எனவும் கொள்வோம். அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 36 நியூற்றன் ஆகும். ஜக்கின் அடியில் 30 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உடைய தடித்த பலகை ஒன்றை வைத்தால் பரப்பளவு 900 சதுர சென்ரிமீற்றர். மண்மீதான அமுக்கம் 4 நியூற்றனாகக் குறைகின்றது. ஒன்பதில் ஒரு பங்கு. மழை பெய்த மண்ணில் இவ்வேறுபாடு ஜக் நிமிர்ந்து நிற்பதற்கும் சரிவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

ஜக் என்பது உயர்த்தும் கருவி, தாங்கும் கருவியன்று. எண்ணெய் ஜக்கினுள் இருக்கும் ஓர் இறப்பர் வளையம் கசிந்தாலே கார் இறங்கிவிடும். திருகு ஜக் பக்கவாட்டு விசைக்குச் சரிந்துவிடும். ஆகவே உயர்த்தியதும், வாகனக் கைந்நூலிற் குறிப்பிட்ட இடங்களில் இரும்புத் தாங்கிகளை வைத்து, காரை அவற்றின்மீது இறக்கவும். தாங்கி இல்லையெனின் வேலையை ஒத்திவைக்கவும். சீமெந்துக் கல்லை அடுக்கிக் காரை நிறுத்துவது பலரிடம் உள்ள பழக்கம். அக்கல் சீராகப் பரவிய பாரத்தைத் தாங்குமே தவிர, ஒரு புள்ளியில் விழும் பாரத்தில் முன்னறிவிப்பின்றி வெடிக்கும். கழற்றிய சில்லைக் காரின் உடலுக்கு அடியில் படுக்க வைப்பது நல்ல பழக்கம். தாங்கி தவறினாலும் சிறிது இடைவெளி மிஞ்சும்.

முன்பக்கத்தில் இரு சில்லுகளையும் ஒருங்கே உயர்த்துவது நன்று. ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தினால் சாய்வு தடுக்கும் தண்டு முறுகி நிற்கும். அதன் இணைப்பைக் கழற்றும் கணத்தில் அது உதைக்கும்.

ஸ்ரட்டைக் கழற்றல்

துருப்பிடித்த போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முதல்நாளே விட்டு வைத்தால் பாதி உழைப்பு மிச்சம். ஸ்ரட்டுடன் பூட்டப்பட்டிருக்கும் பிறேக் ஹோஸின் பிடியையும், ஏபிஎஸ் உள்ள கார்களில் அதன் வயரையும் முதலில் விடுவிக்கவும். பின்னர் சாய்வு தடுக்கும் தண்டின் இணைப்பைக் கழற்றவும்.

ஸ்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில், போல்ட்டுகளைத் தளர்த்துமுன், இரண்டினதும் நிலையைக் கூரான ஊசியால் கீறி அடையாளமிடவும். பல கார்களில் அத்துளைகளில் சிறிது விளையாட்டு உண்டு. அதனால் சில்லின் சாய்வுக் கோணம் மாறும். அதே ஸ்ரட்டைத் திரும்பப் பூட்டும்போது கோடு பழைய நிலையைக் காட்டும். போல்ட்டுகளை எடுத்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைத் தடித்த கம்பியாற் கட்டி நிறுத்த வேண்டும். இல்லையெனில் அதன் பாரம் முழுவதும் பிறேக் ஹோஸில் தொங்கும். சில்லை இயக்கும் தண்டின் உள்மூட்டும் கழன்றுவிடலாம். ஹோஸின் வெளிப்பக்கம் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இழை கிழிந்திருக்கும். அது பின்னொரு நாள் பிறேக் மிதிக்கும்போது வெளிப்படும்.

கடைசியாக, ஒருவர் கீழே ஸ்ரட்டைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் பொனற்றின் அடியில் ஓரத்து நட்டுகளை மட்டும் கழற்றவும். நடு நட்டில் ஸ்பனர் படக்கூடாது.

நடு நட்டு

இப்போது ஸ்ரட் வெளியே வந்துவிட்டது. பார்ப்பதற்கு அது அசைவற்ற ஓர் இரும்புப் பொருள். அதனுள் எவ்வளவு சக்தி உள்ளது எனக் கணித்துப் பார்ப்போம்.

சிறிய காரின் முன் சுருளி வில்லை 1 மில்லிமீற்றர் நெருக்குவதற்கு 20 நியூற்றன் வேண்டும் எனக் கொள்க. வெளியே எடுத்த ஸ்ரட்டில் அவ்வில் தன் இயல்பான நீளத்திலிருந்து 5 சென்ரிமீற்றர், அதாவது 50 மில்லிமீற்றர் நெருங்கியுள்ளது என்போம்.

வில் தள்ளும் விசை = 20 × 50 = 1000 நியூற்றன்.

இது 100 கிலோகிராம் திணிவின் நிறைக்குச் சமன். நடு நட்டின் புரிகள் இந்த விசையைத் தாங்கி நிற்கின்றன. சேமித்த சக்தியைக் காண, செய்த வேலையைக் கணிக்க வேண்டும். நெருக்கத் தொடங்கும்போது விசை பூச்சியம். முடிவில் 1000 நியூற்றன். விசை ஒழுங்காகக் கூடுவதால் சராசரி விசை 500 நியூற்றன்.

வேலை = சராசரி விசை × தூரம் = 500 × 0.05 = 25 யூல்.

நடு நட்டைப் பாதுகாப்பாகக் கழற்றுவதற்கு வில்லை மேலும் நெருக்கி, மேல்தாங்கியை விட்டு விலகச் செய்ய வேண்டும். அதற்காக இன்னும் 5 சென்ரிமீற்றர் நெருக்குவதாகக் கொள்வோம். மொத்த நெருக்கம் 10 சென்ரிமீற்றர். விசை 2000 நியூற்றன். சராசரி 1000 நியூற்றன்.

வேலை = 1000 × 0.1 = 100 யூல்.

நெருக்கம் இரண்டு மடங்கு ஆனது. சக்தி நான்கு மடங்கு ஆயிற்று. இதனைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. விசைக்கும் நெருக்கத்துக்கும் வரைபு கீறினால் கிடைக்கும் முக்கோணியின் பரப்பளவே இச்சக்தி என்பதை நினைவிற் கொண்டால் காரணம் விளங்கும்: அடியும் உயரமும் இரண்டு மடங்காகும்போது பரப்பளவு நான்கு மடங்காகும்.

100 யூல் என்பது எவ்வளவு? 2 கிலோகிராம் தேங்காய் 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும்போது அதனிடம் உள்ள இயக்க சக்தி 2 × 10 × 5 = 100 யூல். தென்னையின் கீழ் யாரும் தலையை நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் அதே சக்தியைக் கொண்ட வில்லின் நேர்மேலே முகத்தை வைத்துக்கொண்டு நட்டைத் திருகுபவர்கள் உண்டு. வில்லும் மேல்தாங்கியும் சேர்ந்து 2 கிலோகிராம் எனவும் சக்தி முழுவதும் அவற்றின் இயக்க சக்தியாகின்றது எனவும் கொண்டால், கதி செக்கனுக்கு 10 மீற்றர் ஆகும். மணிக்கு 36 கிலோமீற்றர். விலகுவதற்கு நேரமில்லை.

ஆகவே எனது அபிப்பிராயம் இது: ஸ்ரட்டைக் காரிலிருந்து கழற்றுவதும் பூட்டுவதும் வீட்டிற் செய்யத்தக்கவை. வில்லைப் பிரிக்கும் வேலைக்கு ஸ்ரட்டை அப்படியே கராஜுக்கு எடுத்துச் செல்லவும். அங்கே சுவரிலோ மேசையிலோ பொருத்திய நெருக்கும் இயந்திரம் இருந்தால் வேலை சில நிமிடங்களில் முடியும். வில், உறிஞ்சி, மேல்தாங்கி யாவும் பூட்டிய முழு ஸ்ரட்டாக வாங்கக் கிடைப்பின் இப்பிரச்சினையே எழாது. விலை கூடினாலும் அது வீண்செலவன்று.

கராஜில் கையால் இயக்கும் ஸ்பிரிங் கம்பிரசரைப் பயன்படுத்துவதைக் கண்டால் கவனித்துப் பாருங்கள். கொக்கிகள் உள்ள இரண்டு திருகுத் தண்டுகள், வில்லின் இரு பக்கங்களிலும் ஒன்றுக்கொன்று நேரெதிராக, இயன்றளவு கூடிய சுருள்களைப் பிடிக்குமாறு பூட்டப்படும். ஒன்றைச் சில சுற்றுகள், பின் மற்றதைச் சில சுற்றுகள் என மாறி மாறி இறுக்குவர். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் வில் வாழைப்பழம் போல வளைந்து, கொக்கியிலிருந்து வழுவும். வில் மேல்தாங்கியை விட்டுத் தளர்ந்து கையால் அசையும் நிலை வந்த பின்னரே நடு நட்டில் ஸ்பனர் வைப்பர். அப்போதும் வில்லின் முனைக்கு நேரே எவரும் நிற்பதில்லை. கயிறு, சங்கிலி, கட்டுக்கம்பி ஆகியவற்றால் வில்லைக் கட்டிக்கொண்டு நட்டைக் கழற்றும் வழக்கத்தை எங்கே கண்டாலும் அவ்விடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

புதிய உறிஞ்சியைப் பூட்டும்போது அதன் பளபளப்பான தண்டைக் குறட்டினாற் பிடிக்கக்கூடாது. ஒரு சிறு கீறலும் அடைப்பு இறப்பரை அறுத்துவிடும். வில்லின் கீழ்முனை, தட்டில் உள்ள படியில் சரியாக அமர வேண்டும். புழுதி காக்கும் இறப்பர் உறை கிழிந்திருப்பின் அதனையும் மாற்றவும். மிக மலிவான பாகம் அது. உறிஞ்சிகளை எப்போதும் இடது, வலது சோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாயின் பிறேக் பிடிக்கும்போதும் திருப்பத்திலும் இரு சில்லுகளும் ஒரேவிதமாக நடந்துகொள்ளமாட்டா.

கீழ்ப்புயத்தை மாற்றல்

மக்பர்சன் அமைப்பில் சுருளி வில் ஸ்ரட்டிலேயே அமர்ந்திருப்பதால், கீழ்ப்புயத்தைக் கழற்றும்போது அந்த வில் விடுபடுவதில்லை. இது இவ்வமைப்பின் ஒரு வசதி. ஆனால் இரு புயங்கள் கொண்ட பழைய அமைப்பில் நிலைமை வேறு. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்களில் சுருளி வில் கீழ்ப்புயத்தின்மீதே அமர்ந்துள்ளது. அங்கே பந்து மூட்டையோ அதற்கு நிகரான இணைப்பையோ வெறுமனே கழற்றினால் புயம் வில்லின் முழு விசையோடு கீழே அடிக்கும். ஒரு காரிற் கற்ற முறையை மற்றொரு காரில் அப்படியே செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பந்து மூட்டின் நட்டைக் கழற்றிய பின்னரும் அதன் கூம்பு முனை துளையில் இறுகியே இருக்கும். திருகாணியின் முனையில் சுத்தியலால் அடித்தால் புரி நசிந்துவிடும். அதற்குரிய பிரிக்கும் கருவியைப் பயன்படுத்தவும்.

புஷ்ஷின் போல்ட்டை எப்போது இறுக்குவது என்பது நல்ல பரீட்சை வினா. புயம் கீழே தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கினால், புஷ்ஷின் உள்வளையம் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். காரை இறக்கியதும் புயம் மேலே எழும். நடுவில் உள்ள இறப்பர் முறுகும். கார் நிற்கும் நேரமெல்லாம் அது முறுகியபடியே இருந்து, சீக்கிரம் கிழிந்துபோகும். ஆகவே போல்ட்டை விரலளவில் பூட்டிக்கொண்டு, காரின் பாரம் சில்லுகளில் வந்த பின்னரே முழுதாக இறுக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது?

ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய இறுக்கத்தை உற்பத்தியாளர் நியூற்றன் மீற்றரிற் குறிப்பிட்டிருப்பர். இது விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படித்த விசையின் திருப்பமே. 120 நியூற்றன் மீற்றர் வேண்டிய போல்ட்டை 40 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரால் இறுக்க 120 ÷ 0.4 = 300 நியூற்றன் போதும். அதே ஸ்பனரின் முனையில் 50 கிலோகிராம் திணிவுள்ள மாணவன் ஏறி நின்றால் திருப்பம் 500 × 0.4 = 200 நியூற்றன் மீற்றர் ஆகிவிடும். போல்ட் இழுபட்டு, அதன் வலிமை குறையும். "இறுக இறுக நல்லது" என்ற எண்ணம் தவறானது. குறித்த திருப்பம் வந்ததும் உணர்த்தும் ஸ்பனர் கராஜ்களில் உண்டு. ரோர்க் ரென்ச் என்பர். தானாகப் பூட்டும் வகை நட்டுகளையும் பந்து மூட்டின் கொட்டர் பின்னையும் திரும்பப் பயன்படுத்தாது புதியன போடவும்.

எல்லாம் பூட்டியபின், வீதியில் இறக்குமுன், பிறேக்கை ஓரிரு முறை மிதித்துப் பார்க்கவும். சுக்கானை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என உறுதிசெய்யவும். சில்லு நட்டுகளைச் சிறிது தூரம் ஓடிய பின் மறுபடி சோதிக்கவும். பின்னர் சில்லு ஒழுங்கமைப்புச் சோதனைக்கு, அதாவது வீல் அலைன்மன்றுக்கு, காரைக் கொண்டு செல்லவும். இதைத் தவிர்த்தால் புதிய ரயரும் சில மாதங்களில் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

மாதிரி வினாக்கள்

1. ஒரு சுருளி வில்லை 1 மில்லிமீற்றர் நெருக்க 25 நியூற்றன் வேண்டும். அதனை 8 சென்ரிமீற்றர் நெருக்கும்போது (அ) இறுதி விசை, (ஆ) சேமிக்கப்படும் சக்தி ஆகியவற்றைக் காண்க.

விடை: (அ) 25 × 80 = 2000 நியூற்றன். (ஆ) சராசரி விசை 1000 நியூற்றன். 1000 × 0.08 = 80 யூல். இறுதி விசையையே தூரத்தாற் பெருக்கி 160 யூல் என எழுதுவது வழமையான பிழை.

2. 90 நியூற்றன் மீற்றர் திருப்பம் வேண்டிய நட்டை 30 சென்ரிமீற்றர் ஸ்பனரால் இறுக்க வேண்டிய விசை யாது? ஸ்பனரின் நீளத்தை 45 சென்ரிமீற்றர் ஆக்கினால்?

விடை: 300 நியூற்றன், 200 நியூற்றன். ஸ்பனருக்குச் செங்குத்தாக விசை பிரயோகிக்கப்படுகின்றது எனக் கொள்ளப்பட்டுள்ளது.

3. ஸ்ரட்டைக் காரிலிருந்து கழற்றும்போது நடு நட்டைத் தளர்த்தலாகாது. காரணம் தருக.

விடை: நடு நட்டே நெருக்கப்பட்ட வில்லைத் தடுத்து வைத்திருக்கின்றது. வில்லைக் கருவியினால் நெருக்கிப் பிடிக்காது அதனைக் கழற்றினால், சேமித்த மீள்தன்மை அழுத்த சக்தி ஒரே கணத்தில் இயக்க சக்தியாகி, மேல்தாங்கியும் வில்லும் பாய்ந்து காயம் விளைவிக்கும். "ஆபத்தானது" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது. சக்தி மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும்.

4. ஒருவர் தமது காரின் முன்பக்கத்தில் இரு அதிர்ச்சி உறிஞ்சிகளையும் புதிதாக மாற்றினார். ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் கார் முன்பு போலவே இடது பக்கம் தாழ்ந்து நிற்கின்றது. காரணம் யாதாகலாம்?

விடை: காரின் உயரத்தைத் தீர்மானிப்பது வில்லாகும். இடப்பக்க வில் தளர்ந்தோ ஒரு சுருள் உடைந்தோ இருக்கலாம். உடைந்த துண்டு கீழ்த் தட்டில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.